கண்டக்டரின் எடை

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கட்டும்போது அதற்கென்று இடம் விட்டிருந்தார்கள். அதற்குள் கையில் காசு தீர்ந்ததோ மனசு மாறியதோ, இப்போது அந்தக் குழியில் பழைய சைக்கிள்களும் கால் ஒடிந்த கட்டில் ஒன்றும் கிடக்கின்றன. நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கண்டக்டர் எனக்கு நேர் மேலே, நாலாவது மாடியில் குடியிருந்தார். அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டிதான்.

வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்தில் நின்றுகொண்டே பிழைத்த மனிதர். அவருக்கு இருந்த ஒரே கர்வமும் நிற்பதைப் பற்றித்தான். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை, தோளில் பை. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது எதைப் பிடிப்பது? காலை அகட்டி, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, வளைவு வருவதற்கு முன்பே உடம்பை அந்தப் பக்கம் கொடுத்துவிட வேண்டும். டிரைவர் திடீரென்று பிரேக் அடித்து வண்டியே குப்புறக் குனிந்தாலும் அவர் ஒரு அடி நகர்ந்ததில்லை என்று சொல்வார்கள். சொன்னவர்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள். நான் பார்த்ததில்லை.

"கம்பியைப் புடிக்கிறவன் பயணி. புடிக்காதவன் கண்டக்டர்," என்பார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறும் என்னைப் பார்த்து, "என்ன சார், டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பார்.

பெரிய உருவம். அவருடைய மனைவி அவர் நெஞ்சளவுதான் இருப்பார். வீட்டிலேயே பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இராது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

நோய் வந்ததை நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. ஏறும்போது என் வாசலில் நின்று சாக்கடையைப் பற்றியும் தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். அதற்கு முன் அவருக்கு அந்த விஷயங்களில் அக்கறை இருந்ததில்லை. பிறகுதான் புரிந்தது, மூச்சு வாங்குவதற்காக நின்றார். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, இதயத்தின் தசை பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைத் தள்ளுகிற வலு போதவில்லை, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது என்றார்கள். காலில் தேங்கும், வயிற்றில் தேங்கும், கடைசியில் நுரையீரலில் தேங்கும்.

சில மாதங்களில் படி இறங்க முடியாமல் போயிற்று. ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளில் கீழே இருக்கும் மெக்கானிக் கடையிலிருந்து நான்கு பேர் வந்து அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியின் கால் ஒன்று வளைந்தது. நாற்காலி சாய, அவர் இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றார். கதவுகள் திறந்தன. பெண்கள், குழந்தைகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த பயத்தில் வேட்டி நனைந்துவிட்டது. நாற்காலியிலிருந்து படியில் சொட்டியது. நான் அதைப் பார்த்தேன். அவர் நான் பார்த்ததைப் பார்த்தார்.

அன்று மாலைவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்களாம். டாக்டர் பார்த்தது ஒரு வாய்க் காப்பி குடிக்கிற நேரம்கூட இருக்காது என்று அவர் மனைவி சொன்னார். திரும்பவும் அதே நாலு பேர், வேறு நாற்காலி.

மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "இந்தப் படியில இனிமே உசுரோட இறங்கமாட்டேன்."

கோபத்தில் சொல்கிறார் என்று அவர் மனைவி நினைத்தார். ஆனால் அடுத்த முறை போகவில்லை. அதற்கடுத்த முறையும் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டார்கள். அந்த மனிதரை எந்த டாக்டரும் பார்க்காமல் ஒரு வெயில்காலம் முழுக்கப் போயிற்று.

மகள் வந்தபோது அப்பாவின் காலைப் பார்த்து அழுதாள். அழுது முடித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். போன் திரையிலேயே டாக்டரைப் பார்க்கலாம் என்று அங்கே ஆரம்பித்திருந்தார்கள். புதுப் போன் ஒன்றை வாங்கி, தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, அப்பாவை அதன் முன்னால் உட்காரவைத்தாள். கண்டக்டர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார்.

திரையில் டாக்டர் வந்தார்.

"என்னடி, சின்னப் பையனா இருக்கான்?"

"மெதுவாப் பேசுங்கப்பா. அவருக்குக் கேக்கும்."

"கேட்டுடுச்சுங்க ஐயா," என்றார் டாக்டர். "முப்பத்தெட்டு வயசு. பாதித் தலை நரைச்சாச்சு. லைட்டு அப்படிக் காட்டுது."

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதைக் கேட்கவில்லை. வீட்டில் இருக்கிற மாத்திரைகளை அப்படியே கொண்டுவந்து காட்டச் சொன்னார். கண்டக்டரின் மனைவி மாத்திரைகள் கிடந்த பிஸ்கட் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தார். ஒவ்வொரு அட்டையாகத் திரைக்கு முன் பிடித்தபோது, வெவ்வேறு பெயரில் இருந்த இரண்டு அட்டைகள் ஒரே மருந்து என்று தெரிந்தது. கடையில் ஒன்று கிடைக்காதபோது இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு இவர்கள் இரண்டையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். தலைசுற்றலுக்குக் காரணம் அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் அந்த டப்பாவை யாரும் எடுத்துப் போனதில்லை.

"ஜன்னல்கிட்ட என்ன பாக்கெட் அது?" என்றார் டாக்டர்.

"உப்புக் கடலை. காக்காய்க்குப் போடறது," என்றார் கண்டக்டர்.

"அந்தக் காக்கா இவருதான் டாக்டர்," என்றார் அவர் மனைவி.

கடலை நின்றது. மருந்து ஒழுங்குக்கு வந்தது. எலக்ட்ரானிக் எடைக் கருவி ஒன்று வாங்கச் சொன்னார் டாக்டர். காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, எதையும் சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். நீர் தேங்கினால் காலில் தெரிவதற்கு முன்பே எடையில் தெரிந்துவிடும். எடை ஏறினால் நீர் மாத்திரையைக் கூட்டலாம், இறங்கினால் குறைக்கலாம். அந்த எண்ணை ஆஸ்பத்திரி நர்சுக்குத் தினமும் குரல் செய்தியாக அனுப்ப வேண்டும். கண்டக்டரின் மனைவி போனை வாய்க்கருகே வைத்துக்கொண்டு, யாரோ எதிரில் நிற்பதுபோல, "வணக்கம்மா, நான் நாலாவது மாடியிலேர்ந்து பேசுறேன்" என்றுதான் தொடங்குவார். நர்சுக்கு இவர் எந்த மாடியில் இருந்தால் என்ன என்று கண்டக்டர் கேலி செய்வார்.

முதல் தடவை எடை பார்த்தபோது நான் இருந்தேன். கண்டக்டர் இரண்டு கையையும் விரித்துக்காட்டி, எதையும் தொடாமல் நின்றார். தொண்ணூற்றொன்று. சிகிச்சையில் அது மெல்ல எண்பத்தாறுக்கு வந்தது. அது உண்மையான இறக்கம். கணுக்கால் எலும்பு மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது. படுத்துத் தூங்கினார். ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகும் பேருந்துகளின் சத்தத்தை வைத்தே எது எந்த டெப்போ வண்டி, எதன் கியர் பெட்டி பழுதாகப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். படி இறங்காமலேயே ஒரு மனிதருக்கு இவ்வளவும் கிடைத்தது. நான் அதை இன்றும் பெரிய விஷயமாகத்தான் நினைக்கிறேன்.

குளிர்காலம் வந்தபோது கால் தடுமாற ஆரம்பித்தது. எடைக் கருவியில் ஏறும்போது ஒருநாள் ஆடிப்போனார். அவர் மனைவி பக்கத்தில் நின்றார். கணவரின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். யாரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. நின்றே பிழைத்த மனிதரிடம் உங்களால் நிற்க முடியவில்லை என்று எந்த மனைவி சொல்வாள்? மறுநாளும் அதேபோல நின்றார்கள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. தோளில் கை, கையின் மேல் உடம்பு. அவர் மனைவி அந்தக் கைக்கு அடியில் குனிந்தபடியே எண்ணைப் படித்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, நாலாவது மாடியிலிருந்து பேசுவார்.

எண்பத்தைந்து. எண்பத்து நாலு. டாக்டர் சந்தோஷப்பட்டார். நீர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அதன் பிறகும் எடை இறங்கிக்கொண்டே போயிற்று.

"கால் வீக்கம் எப்படி இருக்குங்க?" என்று டாக்டர் கேட்டால், "எப்பவும் போலத்தான்" என்பார் கண்டக்டர். அது பொய் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிய கால், தினமும் பார்க்கிறவருக்கு எப்போதும் போலத்தான் இருக்கும். குளிருக்கென்று மகள் அனுப்பிய கம்பளிக் காலுறையை அவர் கழற்றுவதும் இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணை ஒன்றிலிருந்து இரண்டாகி மூன்றானதை அவர் மனைவி சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அந்தக் காலையில் போனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போயிருந்தேன். டாக்டர் வந்ததும், "என்ன ஐயா, எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா... இருக்கேன். நீங்க எப்படி... உங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போறாளா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் ஒரே மூச்சுல எண்ணுங்க, பாப்போம்."

"நான் ஃபுல் லோடு பஸ்ஸையே... ஒரே மூச்சுல எண்ணினவன்."

"எண்ணுங்களேன்."

ஏழுக்கு மேல் போகவில்லை. எட்டுக்கு முன்னால் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடி தொடங்கினார்.

டாக்டர் நர்ஸ் குறித்துவைத்திருந்த எடைக் கணக்கைப் புரட்டினார். "எடையும் குறையுது, மூச்சும் குறையுது. ரெண்டும் சேர்ந்து இப்படிக் குறையக் கூடாதே. அம்மா, தினமும் எப்படி எடை பாப்பீங்களோ அதே மாதிரி இப்ப ஒருதடவை பாருங்க. சார், நீங்க போனைக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க. ரெண்டு பேரும் முழுசாத் தெரியணும்."

நான் சுவரோரம் நகர்ந்து போனைப் பிடித்தேன். அவர் மனைவி வந்து நின்றார். கண்டக்டரின் கை அந்த அம்மாவின் தோளில் ஏறியது. எண்பத்திரண்டு.

"அம்மா, நீங்க மட்டும் கொஞ்சம் விலகி நில்லுங்க."

"விழுந்துடுவாரு டாக்டர்."

"சார் பின்னாடி நிக்கட்டும். தொட வேண்டாம்."

போனைக் குடத்தில் சாய்த்துவிட்டு நான் பின்னால் போய்க் கைகளை விரித்து நின்றேன். அவர் மனைவி ஒரு அடி விலகினார். கண்டக்டர் பழைய பழக்கத்தில் காலை அகட்டப் பார்த்தார். அந்தச் சின்னக் கருவியில் அதற்கு இடமில்லை. இரண்டு பக்கமும் ஆடி ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தில் எண் நிலைத்தது. தொண்ணூற்று மூன்று.

அவரைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தோம். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"தோள்ல கைதானேங்க வச்சாரு."

"உங்க தப்பு இல்லைம்மா," என்றார் டாக்டர். "எப்படி நிக்கிறார்னு நான்தான் முதல்லயே பாத்திருக்கணும்."

கண்டக்டர் மனைவியின் பக்கம் பார்க்காமல், தரையில் இருந்த கருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பதினோரு கிலோ. இத்தனை நாளா உன் தோள்ல... சவாரி போயிருக்கேன். டிக்கெட்டே எடுக்கல."

"சும்மா இருங்க."

"வலிக்கலையாடி?"

"கட்டிக்கிட்ட அன்னிக்கே கனம்னு தெரியும். இப்பப் போய்க் கேக்கறீங்க."

நீர் நுரையீரல்வரை ஏறிவிட்டது, மாத்திரைக்கு இனி கேட்காது, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போடவேண்டும் என்றார் டாக்டர். கண்டக்டர் தலையை ஆட்டினார். அது முடியாது என்ற ஆட்டல்.

"ஏங்க ஐயா?"

அவர் மனைவி, "போய்ட்டு வந்துடலாங்க. நாலே நாள்," என்றார். கண்டக்டர் மறுபடியும் தலையை ஆட்டினார். பிறகு அந்த அம்மா திரையைப் பார்த்துத் திரும்பி, நாற்காலியின் கால் வளைந்ததையும், கதவுகள் திறந்ததையும், வேட்டி நனைந்ததையும், படியில் சொட்டியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கண்டக்டர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தபோது அவர்களை யாரும் கேட்காத கேள்வி, இந்த ‘ஏன்’.

டாக்டர் யோசித்தார். "ஆஸ்பத்திரியில செய்யறது முழு வைத்தியம். வீட்டுல செய்யறது அதைவிடக் குறைச்சல்தான். உசுருக்கு ஆபத்தும் ஜாஸ்தி. இதை உங்ககிட்ட மறைக்கக் கூடாது. தெரிஞ்சுக்கிட்டு நீங்களே சொல்லுங்க."

"இங்கேயே," என்றார் கண்டக்டர்.

டாக்டர் கண்டக்டரின் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு அது சம்மதமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அவர், "இங்கேயே பாருங்க டாக்டர்," என்றுதான் சொன்னார்.

தெருமுனைக் கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் தினமும் மேலே வந்து ஊசி போட்டாள். ரத்தம் எடுக்க ஆய்வுக்கூடத்துப் பெண் வந்தாள். காலையிலும் மாலையிலும் டாக்டர் திரையில் வந்தார். எடைக் கருவியை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். கெண்டைக்காலில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் தையல் டேப்பால் சுற்றளவு எடுத்துச் சொன்னால் போதும் என்றார் டாக்டர். பொத்தான் தைக்கிற கைக்கு அது சுலபம். நீர் இறங்கியது. தலையணை மூன்றிலிருந்து ஒன்றானது. ஒருநாள் கண்டக்டர் இருபதுவரை ஒரே மூச்சில் எண்ணி, இருபத்தொன்று என்றும் சேர்த்துச் சொன்னார். நர்ஸ் கைதட்டினாள்.

அந்த நாட்களில் மகள் இரண்டு முறை பிள்ளைகளோடு வந்து தங்கிப் போனாள். கண்டக்டர் பேரப்பிள்ளைகளைக் கட்டிலில் வரிசையாக உட்காரவைத்து, "முன்னாடி போ, முன்னாடி போ, உள்ளே இடம் இருக்குல்ல" என்று நகர்த்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வெயில்காலம் தொடங்கியபோது சிறுநீரகம் கைவிட ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தா சரியாயிடுமா?" என்றார் கண்டக்டர்.

"ஆகாதுங்க ஐயா. சில நாள் கூடக் கிடைக்கலாம். வார்டுல."

"அப்ப அதை விடுங்க. மூச்சு முட்டாம... பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்கறேன்."

அதற்கு வேண்டிய சொட்டு மருந்தை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்து, கன்னத்துக்கு உள்ளே எப்படி விடுவது என்று காட்டிவிட்டுப் போனாள்.

ஒரு மதியம் அவர் மனைவி கீழே வந்து என் கதவைத் தட்டினார். வாருங்கள் என்று மட்டும் சொன்னார். போனபோது டாக்டர் ஏற்கெனவே திரையில் இருந்தார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவதும், அவர் கையை உயர்த்திக் காத்திருக்கச் சொல்வதும் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் தலையணையை எப்படி வைப்பது, சொட்டு மருந்தை எப்போது விடுவது, ஜன்னலை எவ்வளவு திறப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சொன்னபடி செய்தார். கண்டக்டரின் முகத்தில் இருந்த திணறல் மெல்ல அடங்கியது. மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"பொண்ணு எங்க?" என்றார் அவர்.

"பைபாஸ் தாண்டிட்டாளாம்."

"எந்த வண்டி?"

"அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்?"

"கேட்டிருக்கணும்," என்றார். அதன் பிறகு பேசவில்லை.

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. அவர் மனைவி அவர் மார்பை நீவிக்கொண்டிருந்தார். நீவும் கையின் அசைவில் மார்பு அசைவதுபோலவே இருந்தது. திரையிலிருந்து டாக்டர்தான் முதலில் கண்டுகொண்டார்.

"அம்மா, கையை எடுத்துட்டுப் பாருங்க."

எடுத்தார். அசைவில்லை.

டாக்டர் தலை குனிந்தார். பிறகு, "வலி இல்லாமத்தான் போனாருங்கம்மா" என்றார். அந்த அம்மா, "சாப்பிட்டீங்களா டாக்டர்? மணி ரெண்டாச்சே," என்றார்.

இறப்புச் சான்றைத் திரையில் பார்த்துக் கொடுக்க முடியாது, ஒரு டாக்டர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும் என்றார் திரையில் இருந்த டாக்டர். அவரே தெருமுனைக் கிளினிக்குக்குப் பேசி ஏற்பாடு செய்தார். அங்கிருந்து வயதான டாக்டர் ஒருவர் வந்தார். என் வாசலில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினார். நான் அறிந்தவரை, கண்டக்டரின் நோய்க்காக ஒரு டாக்டர் அந்தப் படியில் ஏறியது அதுதான் முதல் தடவை.

மேலே வந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்தார். நாடி, கண், நெஞ்சு. பிறகு கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அந்த அம்மா கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தபடி அவர் கேட்டார்:

"இவ்வளவு மாடி. இந்த உடம்பை வச்சுக்கிட்டு இவர் எப்படிம்மா ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போய் வந்தாரு?"

"இறங்கலைங்க," என்றார் அந்த அம்மா, டம்ளரை வாங்கிக்கொண்டு.